சிறு ஸ்டுடியோ கன்சோலுக்குள் நுழைவது எப்படி

மொபைலில் கணக்குத் திறந்தவுடன் கேமைப் பதிவேற்றிவிடலாம். எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன், ஸ்விட்ச் போன்ற கன்சோலில் அந்தக் கருவியைத் தயாரிக்கும் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். இது பழைய வழக்கம். 1983இல் அமெரிக்கச் சந்தை மட்டமான கேம்களால் சரிந்த பிறகு அங்கே வந்த நிண்டெண்டோ, வெளி நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு ஐந்து கேம்கள் என்று வரம்பு வைத்தது. கேம் அடங்கிய கேட்ரிட்ஜையும் தானே தயாரித்துக் கொடுத்தது.

முதல் முயற்சிக்கு மைக்ரோசாஃப்ட் 2013இல் அறிவித்த 'ஐடி அட் எக்ஸ்பாக்ஸ்' திட்டம் நல்ல வாசல். பப்ளிஷர் தேவையில்லை, கேமை உருவாக்கிச் சோதிப்பதற்கான சிறப்புக் கன்சோல்களான டெவ் கிட்டுகள் இரண்டு இலவசம். சோனிக்கு 'பிளேஸ்டேஷன் பார்ட்னர்ஸ்', நிண்டெண்டோவுக்கு 'டெவலப்பர் போர்ட்டல்'. நிண்டெண்டோவில் பதிவு இலவசம் என்றாலும் ஸ்விட்ச் கருவிகளுக்குத் தனி அனுமதி கேட்க வேண்டும்.

விண்ணப்பத்தில் லோகோவும் கதைச் சுருக்கமும் எடுபடாது. கணினியில் ஓடும் பில்டும் (விளையாடிப் பார்க்கக்கூடிய கேம் பதிப்பு), விளையாட்டு நேரடியாகத் தெரியும் இரண்டு நிமிட வீடியோவும் கொடுங்கள். நிறுவனப் பெயர் பதிவுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, வரிப் படிவம் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். பெயர் பொருந்தாவிட்டால் பணம் வருவது தடைபடும்.

அடுத்தது ரகசிய ஒப்பந்தம். கையெழுத்திட்ட பிறகு டெவ் கிட்டின் படத்தைக்கூட வெளியே பகிரக்கூடாது. கேம் உருவாக்கும் மென்பொருள்களான யூனிட்டி, அன்ரியல் இரண்டிலும் கன்சோலுக்கான பகுதி, தயாரிப்பாளரின் ஒப்புதல் உறுதியான பிறகே திறக்கும். அதேபோன்ற திறந்த மூல மென்பொருளான கோடோ பயன்படுத்துபவர்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்: கன்சோல் நிறுவனத்தின் ரகசிய நிரலை எல்லோரும் பார்க்கக்கூடிய திறந்த மூலத்தில் சேர்க்க முடியாது, ஆகவே போர்ட்டிங் (கேமைக் கன்சோலுக்கு மாற்றுவது) செய்யும் நிறுவனத்துக்குச் செலவு ஒதுக்குங்கள்.

பெரும்பாலானோர் தடுக்கி விழுவது சர்டிஃபிகேஷனில், அதாவது வெளியீட்டுக்கு முன் கன்சோல் நிறுவனம் நடத்தும் தொழில்நுட்பச் சோதனையில். மைக்ரோசாஃப்டில் எக்ஸ்ஆர், சோனியில் டிஆர்சி என்ற விதிப் பட்டியல்கள், நிண்டெண்டோவில் லாட்செக் என்ற சோதனை. கேம் ரசிக்கும்படி இருக்கிறதா என்பது அங்கே கேள்வியே அல்ல. கன்ட்ரோலர் இணைப்பு அறுந்தால் கேம் தானாக பாஸ் ஆகிறதா? வேறொருவர் உள்நுழைந்தால், சேமித்த ஆட்டம் (சேவ்) யார் கணக்கில் போகிறது? கன்சோலை உறங்கவைத்து மறுநாள் எழுப்பினால், செத்துப்போன நெட்வொர்க் இணைப்புக்காகக் காத்துத் திரை உறைகிறதா? கணினியில் சோதிக்கும்போது இவை பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. அதனால் லோடிங் உட்பட ஒவ்வொரு திரையிலும் கன்ட்ரோலரை அணைத்துப் பாருங்கள். சேவ் நிரலைப் பயனர் கணக்கோடு முதல் மாதத்திலேயே பிணைத்துவிடுங்கள். கடைசியில் மாற்றப் போனால் பாதிக் கேமைப் பிரிக்க வேண்டிவரும். பட்டன் பெயர்களையும் கவனியுங்கள், ஒரு கன்சோலின் குறியீடு இன்னொன்றின் திரையில் தெரிந்தாலே திருப்பி அனுப்புவார்கள்.

ஒருமுறை தோற்றுத் திருத்தி மறுபடி அனுப்பவும் நாள் ஒதுக்கி, அதன் பிறகே வெளியீட்டுத் தேதியை அறிவியுங்கள்.