பழைய வீட்டுக்குப் பெயிண்ட் கடைசியில்தான்
நாம் வளர்ந்த வீடு பாழடைந்து கிடப்பதைப் பார்த்ததும் உடனே பெயிண்ட் அடிக்கக் கை பரபரக்கும். பொறுங்கள். முதலில் கூரை ஒழுகலை அடைக்க வேண்டும். ஒரு மழை முழுக்க உள்ளேயே இருந்து, ஈரம் இறங்கும் இடங்களைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள்.

சுண்ணாம்புப் பூச்சுச் சுவரென்றால் மேலே சிமென்ட் பூசவே கூடாது. சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும், பிறகு சுவர் பொருக்குப் பொருக்காக உதிரும். உடைந்த இடத்தில் சுண்ணாம்பும் மணலும் கலந்தே ஒட்டுப் போடுங்கள்.

மரச்சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். கதவு நிலையில் நம் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் இருந்தால், தயவுசெய்து அங்கே உப்புத்தாள் படவிடாதீர்கள்.