கோகுவின் முடியை வெட்டிய பெட்டி: டிராகன் பால் இசட் திரும்பப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணா, முழு செட்டும் வந்தாச்சு" என்று ஆபீஸில் கூட வேலை பார்க்கும் தம்பி போன மாதம் ஒரு போட்டோ அனுப்பினார். கட்டில் மேல் ஒன்பது டிவிடி பெட்டிகள் வரிசையாக. டிராகன் பால் இசட் என்ற ஜப்பானிய கார்ட்டூன் தொடர், 291 அத்தியாயங்களும். எனக்குச் சந்தேகம் வந்து, பெட்டியின் பின்பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். கீழே பொடி எழுத்தில் 16:9 என்று, அதாவது அகல டிவியின் அளவு, இருந்தது. அடடா என்று உட்கார்ந்துவிட்டேன். பத்து வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே காரியம்.

2024 மார்ச் 1-இல் இதன் மூலக் கதையை எழுதி வரைந்த அகிரா தோரியாமா காலமான பிறகு இந்தத் தொடரைத் திரும்பப் பார்க்கக் கிளம்பியவர்கள் நிறைய. பள்ளி விட்டு ஓடிவந்து கார்ட்டூன் நெட்வொர்க் முன் உட்கார்ந்த பிள்ளைகள் இப்போது சம்பாதிக்கிறார்கள், டிவிடி தட்டு வாங்கி அலமாரியில் அடுக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். திருட்டு நகல் வாங்காதே, கீறல் விழுந்த தட்டு வாங்காதே என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது யாருக்கும் தெரியும்.

திரையை நிரப்பும் படம்தான் நல்ல படம் என்று நினைப்பது

இந்தத் தொடர் 1989 ஏப்ரல் 26 முதல் 1996 ஜனவரி 31 வரை ஜப்பானின் ஃபுஜி டிவியில் புதன்கிழமை தோறும் ஓடியது. டோயி அனிமேஷனில் தாளில் வரைந்த ஒவ்வொரு படத்தையும் செல் எனப்படும் ஒளி ஊடுருவும் தாளுக்கு மாற்றி, அதன் பின்பக்கம் வண்ணம் பூசி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து, 16 மி.மீ. பிலிமில் கட்டம் கட்டமாகப் படம் பிடித்தார்கள். அன்றைய வீட்டு டிவி 4:3. கிட்டத்தட்டச் சதுரம். அந்தக் கட்டத்துக்குள் எது எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்துதான் வரைந்தார்கள்.

பிறகு அகல டிவி வந்தது. படத்தின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் வாங்குபவர் முகம் சுளிப்பார் என்று, மேலேயும் கீழேயும் வெட்டி, 16:9 ஆக்கி விற்றார்கள். வட அமெரிக்காவில் 2007 முதல் வந்த சீசன் டிவிடிகள் அப்படி. 2013–14-இல் வந்த சீசன் புளூ-ரேகளும் அப்படியே. கணக்கு எளிது: 4:3 படத்தை வெறுமனே வெட்டி 16:9 ஆக்கினால் உயரத்தில் கால் பாகம் போய்விடும். நாலு அடி உயரச் சுவரோவியத்தில் ஓர் அடியை அறுத்து எறிவது போல.

வேறு தொடராக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இதில் போவது என்ன தெரியுமா? முடி! நாயகன் கோகு சூப்பர் சயான் என்னும் பலம் பெருகிய வடிவத்துக்கு மாறிவிட்டான் என்பதற்கு அடையாளமே அந்த நெட்டுக்குத்தாக நிற்கும் பொன்னிற முடிதான். 95-ஆம் அத்தியாயத்தில், கண்ணெதிரே நண்பன் க்ரில்லின் வெடித்துச் சிதறிய ஆத்திரத்தில், முதன்முறையாக அது எழும்பி நிற்கிறது. ஏழு வருடத் தொடரில் எல்லோரும் காத்திருந்த நிமிடம். நான் வாங்கிய பெட்டியில் அந்தக் காட்சியில் முடியின் நுனிகள் திரைக்கு வெளியே போய்விட்டன. முழு உருவம் தெரிய வேண்டிய இடங்களில் கணுக்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. பாறையில் கால் ஊன்றி நிற்கிறானா, காற்றில் மிதக்கிறானா என்றே புரியவில்லை. பறக்கத் தெரிந்தவர்கள் சண்டை போடும் தொடரில் அது சின்ன விஷயமா?

இதில் எனக்கு இன்னும் ஆறாத இடம் ஒன்று உண்டு. நான் உடனே கண்டுபிடிக்கவில்லை. தொண்ணூறு அத்தியாயம் அப்படியே பார்த்தேன். ஏதோ நெருக்கமாக இருக்கிறதே, முகங்கள் மூக்கில் வந்து இடிக்கின்றனவே என்று தோன்றியது. சின்ன வயதில் பார்த்ததைவிட டிவி பெரியது, அதனால்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் ஒரு நண்பர் வீட்டில் அவருடைய பழைய ஜப்பான் பதிப்பில் அதே காட்சி ஓடியது. கோகுவின் தலைக்கு மேல், சண்டை நடக்கும் நமெக் கிரகத்தின் வானம் தெரிந்தது. மின்னல் வெட்டியது. அங்கே வானம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து விற்றவரிடம் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். "சீல் உடைச்சாச்சே சார்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஒன்றரை மாதச் சேமிப்பு போயிற்று.

இந்தப் பதிப்புகளுக்குப் பரிந்து பேசுபவர்கள் ஒன்று சொல்வார்கள்: "பிலிமின் ஓரத்தில் டிவியில் தெரியாத பகுதியும் இதில் தெரிகிறதே." உண்மைதான், பக்கவாட்டில் ஒரு கீற்று கூடுதலாகத் தெரியும். ஆனால் அந்தக் கீற்று யாரும் பார்க்க வேண்டும் என்று வரைந்தது அல்ல. போனதோ தலையும் காலும். இதுவா ஈடு?

வாங்கும் முன் பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். 4:3 அல்லது 1.33:1 என்று இருக்க வேண்டும். ஜப்பானில் 2003-இல் வந்த டிராகன் பாக்ஸ் 4:3. வட அமெரிக்காவில் 2009 முதல் 2011 வரை ஏழு தொகுதியாக வந்த டிராகன் பாக்ஸும் 4:3. இரண்டும் இப்போது கடையில் கிடைக்காது, பழசாகத் தேட வேண்டும், விலையும் கடிக்கும். எழுதியிருப்பதை நம்ப மனமில்லை என்றால் விற்பவரிடம் ஓடும் காட்சியை ஒரு போட்டோ கேளுங்கள். அகல டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் சரி.

ஒரு விதிவிலக்கு. இதன் திரைப்படங்கள் ஜப்பானியத் தியேட்டர்களில் அகலத் திரையில்தான் காட்டப்பட்டன. அவை 16:9-இல் வந்தால் சண்டைக்குப் போகாதீர்கள்.

சரியான தட்டை வாங்கி டிவியில் கெடுப்பது

சரியான 4:3 தட்டை வாங்கிவிட்டு, ரிமோட்டில் 'முழுத்திரை' அழுத்தி இழுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. கதையில் எல்லோரும் தேடும் டிராகன் உருண்டை ஏழும் முட்டையாகத் தெரிந்தால் டிவியின் அளவு அமைப்பை மாற்றுங்கள். இதைவிட எளிய சோதனை வேறு கிடையாது. அந்த உருண்டைகளை அடிக்கடி காட்டுவார்கள்.

அடுத்தது, அசைவை வழவழப்பாக்கும் வசதி. புது டிவியில் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். பிலிம் விநாடிக்கு 24 கட்டம். ஆனால் ஓவியர்கள் 24 படம் வரையவில்லை. ஒரே படத்தை இரண்டு அல்லது மூன்று கட்டத்துக்கு வைத்தார்கள். அதாவது விநாடிக்கு 12 அல்லது 8 படம். அடி விழும் இடத்தில் மட்டும் ஒரே ஒரு கட்டத்துக்கு முழுவெள்ளையோ, நிறம் தலைகீழான படமோ வந்து போகும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வயிற்றில் அடி இறங்கும். டிவி என்ன செய்கிறது? இரண்டு படத்துக்கு நடுவில் இல்லாத படத்தைத் தானே உண்டாக்கி நுழைக்கிறது. முஷ்டி கூழாகிறது, அந்த வெள்ளை வெட்டு சாம்பலாகக் கரைகிறது. அணைத்துவிடுங்கள்.

புள்ளியில்லாத படம் சுத்தமான படம் என்று ஏமாறுவது

பிலிமில் பொடிமணல் தூவியது போல ஓயாமல் துடிக்கும் புள்ளிகள் அழுக்கு அல்ல, பிலிமே அதுதான். அதை மென்பொருளால் துடைத்தால் கூடவே மெல்லிய மைக்கோடும் போகும். இருட்டுக் காட்சியில் கோகுவின் போட்டியாளன் வெஜிட்டாவின் கன்னத்தைக் கவனியுங்கள். துடைத்த பதிப்பில் மூக்கோரக் கோடு பாதியில் அறுந்து நிற்கும். பின்னணியில் தூரிகை இழுத்த பாறை வழித்த சிமென்ட் தரையாகியிருக்கும்.

"பளிச்சென்று இருக்கிறதே அண்ணா" என்கிறார் தம்பி. பளிச்சென்றுதான் இருக்கும், மேக்கப் போட்ட மாதிரி.

பொய் வசன வரி

ஜப்பானியக் குரலுக்குக் கீழே ஆங்கில டப்பிங் வசனத்தை ஓட்டும் பதிப்புகள் இருக்கின்றன. கண்டுபிடிக்க ஒரு வழி. சயான்கள் பூமிக்கு வரும் கட்டத்தில், கோகுவின் பலம் எவ்வளவு என்று வெஜிட்டாவிடம் அவன் கூட்டாளி நாப்பா கேட்பான். வெஜிட்டா பலத்தை அளக்கும் கருவியைக் கழற்றி நசுக்குவான். ஜப்பானியத்தில் அவன் வாயில் வருவது 'ஹஸ்ஸென்', எட்டாயிரம். உலகமே கேலிப்படம் போட்ட ஒன்பதாயிரம் ஆங்கில டப்பிங்கில் வந்தது. காதில் ஹஸ்ஸென் விழுந்து, கண்ணில் ஒன்பதாயிரம் தெரிந்தால் அந்த வரிகளை நம்பாதீர்கள்.

இசையைக் கேட்காமல் வாங்குவது

ஷுன்சுகே கிகுச்சியின் மூல இசை வேறு, அமெரிக்க டப்பிங்குக்காகப் பின்னால் போட்ட இசை வேறு. கிகுச்சி பல இடங்களில் சும்மா விட்டுவிடுவார், காற்று மட்டும் வீசும். அமெரிக்க இசை அந்த மௌனத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். நாம் சின்ன வயதில் கேட்டது அதுதான் என்பதால் அதையே தேடுபவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தட்டில் எந்த ஒலித்தடங்கள் இருக்கின்றன என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மூல ஒலி மோனோ, அதாவது ஒரே தடம். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

'டிராகன் பால் கை'யையும் இசட்டையும் குழப்புவது

டிராகன் பால் கை வேறு, இசட்டைச் சுருக்கித் திரும்பத் தொகுத்தது. 2009-இல் தொடங்கி, முதல் 194 அத்தியாயக் கதையைத் தொலைக்காட்சியில் 97-இல் முடித்தது.

பகுதிக் குறியீடு

எந்த நாட்டுத் தட்டு எந்த பிளேயரில் ஓடும் என்பதற்கான குறி இது. இந்தியாவின் டிவிடி எண் 5, ஜப்பான் 2, அமெரிக்கா 1. புளூ-ரேயில் நாம் சி, அவர்கள் இருவரும் ஏ. முதலில் பிளேயர், பிறகு தட்டு.

ஒரே மூச்சில் பார்ப்பது

291 அத்தியாயம், ஒன்று சுமார் 24 நிமிடம். கூட்டினால் 116 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை பத்து அத்தியாயம் பார்த்துவிட்டு "ரொம்ப இழுக்கிறான்" என்று வருபவர்களிடம் நான் கேட்பது, வாரம் ஒன்று என்று போட்டதைப் பத்தாக விழுங்கினால் வேறு என்ன ஆகும்? வார இதழில் தோரியாமா வரையும் கதையைத் தொடர் முந்திவிடக் கூடாது. அதனால் முன்கதை, முறைப்பு, உறுமல், மலை இடிதல் என்று நேரத்தைக் கடத்தினார்கள். நமெக் ஐந்து நிமிடத்தில் வெடிக்கும் என்று வில்லன் ஃப்ரீஸா சொல்லிவிட்டு, அந்த ஐந்து நிமிடம் அத்தியாயம் அத்தியாயமாக ஓடுவது இதனால்தான். ஒரு நாளைக்கு இரண்டு போதும். இடையில் கோகுவும் பிக்கோலோவும் கார் ஓட்டக் கற்கும் 125-ஆம் அத்தியாயம் மூலக் கதையில் இல்லாதது. தாண்டிப் போகச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

முகங்கள் வாரத்துக்கு வாரம் மாறுகின்றனவே என்று கேட்பவர்களுக்கு: குழுக்கள் முறை வைத்து வரைந்தன. ஒரு வாரம் தாடை கூர்மை, மறுவாரம் உருண்டை. தட்டில் கோளாறு இல்லை.

தம்பி சீல் உடைக்கவில்லையாம். மாற்றித் தருகிறார்களா என்று விற்றவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். என்னுடைய ஒன்பது பெட்டிகளும் இன்னும் மேல் தட்டில்தான். விற்கலாம் என்றால், வாங்க வருபவரிடம் என்ன சொல்லி விற்பது?