கட்டெறும்பும் முசுறும்: சுரப்பிகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூருக்கு எறும்பு ஆய்வு செய்ய வரும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிடித்த தலைப்பு ஒன்று உண்டு. ஒரே மாமரத்தில் ஏறி இறங்கும் கட்டெறும்பும் முசுறும் சுரப்பதில் என்ன வேறுபாடு? நல்ல கேள்விதான். லேபிள் ஒட்டுங்கள், கையுறை போடுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. நாங்கள் அடித்த கூத்தையே இவர்களும் அடிப்பதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

பிடிக்கும்போதே சுரப்பியைக் காலி செய்வது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. இந்த இரண்டு எறும்புக்கும் கொடுக்கு கிடையாது. கடித்துவிட்டு வயிற்று நுனியால் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். அமிலம் இருப்பது நச்சுப்பையில். பக்கத்திலேயே டுஃபூர் சுரப்பி. கட்டெறும்பில் அண்டெக்கேன் போன்ற ஹைட்ரோகார்பன்கள் (எண்ணெய்த்தன்மை உள்ள சேர்மங்கள்) அங்கேதான். இரண்டும் வயிற்று நுனியில்தான் திறக்கின்றன. இடுக்கியால் இறுக்கினால் நீங்கள் அளக்க வந்ததே வெளியே போய்விடும்.

ஒரு பெண் இரண்டு இனத்தையும் ஒரே குழாயில் கொண்டுவந்தாள். "லேப்ல போய்ப் பிரிச்சுக்கலாம்னு நினைச்சேன்க்கா." மூடியைத் திறந்ததும் மூக்கில் காரம் ஏறியது. உள்ளே ஒன்றையொன்று கடித்து, மேலெல்லாம் அமிலம். அதையும் கலவையைத் தனித்தனிச் சேர்மங்களாகப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராபில் ஏற்றி, இரண்டு இனமும் வேதியியலில் ஒன்றுபோல இருப்பதாக வரைபடமும் போட்டுவிட்டாள். வரைபடத்தில் எந்த உச்சம் (சேர்மத்தைக் காட்டும் மேடு) எந்த எறும்புடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கருவிக்காகக் காத்திருந்த நாளெல்லாம் தண்டம்.

இனத்துக்கும் கூட்டுக்கும் தனித்தனிக் குழாய் வையுங்கள். மென்மையான தூரிகையால் உள்ளே தட்டிவிட்டு உடனே ஐஸ் பெட்டியில் போடுங்கள். மயங்கியதும் உறையவைத்து, அப்புறம் அறுக்கலாம்.

முழு வயிற்றையும் ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைப்பது

வேண்டாம். மேல்தோல் மெழுகும் சேர்ந்து கரையும்.

அமிலம் "இல்லை" என்று எழுதுவது

ஹெக்சேன் கடந்துபோகும்வரை பிரிந்து வரும் சேர்மங்களை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை முதல் சில நிமிடங்கள் அணைத்து வைக்கிறோம். ஃபார்மிக் அமிலமும் பெரும்பாலும் அப்போதே கடந்துவிடும். திரையில் காணோம் என்றால் எறும்பில் இல்லை என்று ஆகாது.

பாராஃபிலிம்

குப்பி மூட இழுத்துச் சுற்றும் இந்த மெழுகுப் படலத்தை ஹெக்சேன் குப்பியின் வாயில் சுற்றாதீர்கள். அதன் மெழுகில் உள்ள ஆல்கேன்கள் (ஒருவகை ஹைட்ரோகார்பன்கள்) எறும்பினுடையவை போலவே உச்சம் காட்டும். எறும்பு போடாத வெறும் ஹெக்சேனையும் கூடவே ஓட்டிப் பாருங்கள்.

இல்லாத சுரப்பியைத் தேடுவது

மார்பின் பின்பக்கம் இருக்கும் மெட்டாப்ளூரல் சுரப்பி பெரும்பாலான எறும்புகளுக்கு உண்டு. முசுறுக்கு இல்லை; கட்டெறும்புப் பேரினத்தில் பெரும்பாலானவற்றுக்கும் இல்லை. உங்கள் கத்தியில் குறை இல்லை, விட்டுவிட்டுத் தாடைச் சுரப்பிக்குப் போங்கள்.

பெரிய தலை, சின்னத் தலை

கட்டெறும்பு வேலைக்காரிகளில் இரண்டும் உண்டு. ஒரே குப்பியில் கலக்காதீர்கள்.