பழைய கல்லூரிக் கட்டடத்தில் புது வகுப்பறை: மொட்டை மாடியிலிருந்து தொடங்குங்கள்

மெரினா ஓரம் நடந்தால் ராபர்ட் சிஷோம் வரைந்த இரண்டு கட்டடங்கள் கண்ணில் படும். ஒன்று 1870இல் திறந்த மாநிலக் கல்லூரி. மற்றது 1874-79இல் எழுந்த சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ். அந்த வயதுக் கட்டடம் ஒன்று உங்கள் வளாகத்திலும் இருந்து, "இதை ஸ்மார்ட் கிளாஸ் ஆக்கலாமா, லைப்ரரி ஆக்கலாமா?" என்று நிர்வாகம் கேட்டால், சுண்ணாம்பு வேலையிலேயே காலம் தள்ளுகிற பொறியாளன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மாடிக்கு ஏற ஏணி இருக்கா?

தண்ணீரை நிறுத்தாமல் உள்ளே ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். மேலே பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய வகைக் கூரைதான் இருக்கும். தேக்கு உத்தரங்களுக்கு மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாக, கோணவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தைக் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்திருப்பார்கள். ஒழுகும்போதெல்லாம் யாராவது மேலே ஒரு சிமென்ட் பூச்சு போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். ஓர் அங்குலப் பூச்சே சதுர மீட்டருக்கு 50 கிலோ சுமை. இப்படி நாலு அடுக்கைச் சுமந்த கூரையையும் பார்த்திருக்கிறேன், ஒழுகல் மட்டும் நின்றபாடில்லை. அவற்றைப் பெயர்த்துவிட்டுப் பழைய முறையிலேயே தளம் போடுங்கள். உத்தரத்தை நடுவில் தட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அது சுவருக்குள் நுழைகிற முனைதான் முதலில் உளுத்துப்போகும். அங்கே ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

அடுத்தது சுவர். எங்கள் மேஸ்திரி விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவார். "சார், இங்க டொக்குன்னு கேக்குது பாருங்க, உள்ள காத்துதான் இருக்கு" என்பார். அப்படிக் கேட்கிற இடத்தில் அநேகமாகப் பிற்காலத்துச் சிமென்ட் பூச்சு இருக்கும். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால், உப்பு உள்ளேயே பூத்துச் செங்கல்லை மாவாக்கிவிடும். கடற்கரைப் பக்கம் இது இன்னும் வேகம். அதனால் சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்பிலேயே பூசுங்கள். என்ன கலவை என்று ஊகிக்க வேண்டாம். பழைய காரையில் ஒரு துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து மணலும் செங்கல் பொடியும் தங்கும். காயவைத்து எடை பார்த்தால் விகிதம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். மணலில் கிளிஞ்சல் துணுக்கு கலந்திருந்தால் அதுவும் கரையும், அதை மட்டும் மனதில் வையுங்கள். கலவையில் சேர்க்கிற கடுக்காய், வெல்லத் தண்ணீர் எல்லாம் பிறகு வரட்டும். சுண்ணாம்பு தண்ணீரில் நன்றாக நீறி ஊறியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். நீறாத துகள் பூச்சுக்குள் போனால் பிறகு பொரிந்து பொட்டுப் பொட்டாக உதிரும்.

எந்த அறையில் எதை வைப்பது என்பதை அறையைக் கேட்டு முடிவு செய்யுங்கள். இந்திய நெறிமுறைப்படி வகுப்பறைத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ தாங்கினால் போதும். புத்தக அடுக்கறைக்கோ 600 கிலோ, அடுக்கு உயர உயர இன்னும் கூடும். ஆகவே புத்தகங்கள் கீழ்த்தளத்துக்கு, படிக்கும் மேசைகள் மாடிக்கு. ஒரு கல்லூரியில் யுபிஎஸ் பேட்டரிகளை மர உத்தரத் தளத்தின் நடுவில் அடுக்கியிருந்தார்கள். வரைபடத்தில் அது வெறும் 'காலி அறை'.

ஃபால்ஸ் சீலிங்குக்கு நான் எப்போதும் எதிரி. உயரத்தில் இருக்கும் வெண்டிலேட்டரை அடைத்துவிட்டு, பிறகு புழுக்கம் என்று ஏசி கேட்பார்கள். கூரை ஒழுகுவதும் கரையான் ஏறுவதும் கண்ணுக்கே தெரியாது. நீளத் தண்டில் ஃபேன் மாட்டுங்கள். ஏசி தவிர்க்கவே முடியாதென்றால் வெளிப்பெட்டியைப் பின்பக்கம் தரையில் வைத்து, அதன் தண்ணீரைச் சுவரில் படாமல் குழாயில் இறக்குங்கள்.

மின்கம்பிக்காகச் சுவரை வெட்ட வேண்டாம். வெளியே தெரிகிற உலோகக் குழாயில் கொண்டுபோனால் போதும், நாளைக்குக் கழற்றவும் முடியும். பழைய ஒயரிங் முழுவதையும் மாற்றிவிடுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள். இவ்வளவு மரம் உள்ள கூரையில் தீ என்ன செய்யும் என்பதைச் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் 2012 ஜனவரியில் எரிந்து காட்டியது. பொதுப்பணித் துறை அதை மீண்டும் எழுப்பி, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குத் தந்தது. எரிந்த கட்டடமே மீளும் என்றால், ஒழுகுகிற உங்கள் கட்டடத்தை இடிக்கச் சொல்லும் அறிக்கையை இன்னொருவரிடமும் காட்டிக் கேளுங்கள்.

சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்குங்கள். 1:12 சரிவு என்றால் 60 சென்டிமீட்டர் உயரமுள்ள பீடத்துக்கு 7.2 மீட்டர் நீளம் வேண்டும், திரும்பும் மேடை தனி. முகப்புப் படியை உடைக்காமல் பக்கவாட்டு வராந்தாவில் சேர்க்க முடியும். லிஃப்டைக் கட்டடத்துக்கு வெளியே, சொந்த அஸ்திவாரத்தோடு நிறுத்துங்கள்.

எல்லாம் முடிந்ததும் யாராவது பளபளப்பான எமல்ஷன் டப்பாவோடு வருவார்கள். திருப்பி அனுப்பிவிட்டுச் சுண்ணாம்பு வெள்ளை அடியுங்கள். ஆண்டுதோறும் அக்டோபர் மழைக்கு முன்னால் வடிகுழாய்களைத் துப்புரவு செய்யவும், கைப்பிடிச் சுவரில் முளைக்கிற அரசங்கன்றை வேரோடு எடுக்கவும் ஓர் ஆளின் பெயரை எழுதிவையுங்கள். 'பராமரிப்புக் குழு' என்று எழுதினால் ஒருவரும் மாடி ஏற மாட்டார்கள்.