இலங்கையின் கொரோனாக் காலம்: மதிப்பிட உட்காருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் இரண்டு மாணவர்களின் வரைவுகள் ஒரே நாளில் என் மேசைக்கு வந்தன. தலைப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: கொரோனாவை இலங்கை அரசு கையாண்ட விதம். ஒருவர் "பிற நாடுகளுக்கு முன்மாதிரி" என்று முடித்திருந்தார். மற்றவர் "முழுத் தோல்வி" என்று முடித்திருந்தார். இருவரும் எடுத்தது சுகாதார அமைச்சின் அதே எண்களைத்தான். முதலாமவர் 2020 செப்டெம்பரோடு நிறுத்திவிட்டார். இரண்டாமவர் 2021 ஏப்ரலில்தான் தொடங்கியே இருக்கிறார். சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. முதலாமவர் செய்ததை அச்சு மாறாமல் நானும் ஒருகாலத்தில் செய்தேன், அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு.

அட்டவணையில் கூட்டல் பிழை, மேற்கோள் ஒழுங்கில்லை என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை யாராவது பிடித்துத் திருத்திவிடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் போகிற தவறுகளும் வரைவுகளில் அடிக்கடி வருகிற வாதங்களும்தான் கீழே உள்ள தலைப்புகள்.

எந்த நாளோடு நிறுத்துகிறீர்கள்?

2020 செப்டெம்பரில் ஒரு நிறுவனத்துக்கு நான் எழுதிக் கொடுத்த அறிக்கையின் கடைசி அத்தியாயம் "வெற்றியின் பாடங்கள்". சும்மா எழுதவில்லை. ஜனவரி 27 அன்று முதல் தொற்றாளர், ஒரு சீனச் சுற்றுலாப் பயணி, அடையாளம் காணப்பட்டார். அங்கொடை தொற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றுக் குணமாகி ஊர் திரும்பினார். மார்ச்சில் இத்தாலியச் சுற்றுலாக் குழுவோடு போன வழிகாட்டிக்குத் தொற்று. அடுத்த பத்து நாளுக்குள் வெளிநாட்டுப் பயணிகளின் வருகை நிறுத்தப்பட்டு, 20ஆம் திகதி மாலை நாடு முழுக்க ஊரடங்கு. வெலிசறை கடற்படை முகாமில் வந்த கொத்தணியை, அதாவது ஓரிடத்திலிருந்து பரவிய தொற்றாளர் கூட்டத்தை, சுற்றி வளைத்து அடக்கினார்கள். கந்தக்காட்டுப் புனர்வாழ்வு நிலையக் கொத்தணியும் அப்படியே. ஓகஸ்ட் 5 அன்று பொதுத் தேர்தல்கூட நடந்து முடிந்தது. இரண்டு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாட்டில் ஒக்டோபர் பிறக்கும்போது கொரோனா இறப்பு 13. இதைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று இன்னமும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

அச்சுப் படியைத் திருத்திக்கொண்டிருந்த வாரத்தில்தான் மினுவாங்கொடைச் செய்தி வந்தது. ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் பெண், காய்ச்சல் என்று கம்பஹா வைத்தியசாலைக்குப் போயிருக்கிறார். சில நாட்களில் அந்த ஒரு தொழிற்சாலையிலேயே தொற்றாளர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. அப்புறம் பேலியகொடை மீன்சந்தை. அங்கிருந்து மீன் லொறி போன ஊர்களெல்லாம். அறிக்கையை நிறுத்தி வையுங்கள் என்று கெஞ்சினேன். "ஒப்பந்தத்தில் ஆய்வுக் காலம் செப்டெம்பர் 30 வரை" என்று பதில் வந்தது. வெளியிட்டார்கள். அட்டையில் என் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

நான் மட்டும் விழுந்த குழி இல்லை இது. அவுஸ்திரேலியாவின் லோவி ஆய்வு நிறுவனம் 2021 ஜனவரியில், கொரோனாவைக் கையாண்ட விதத்தை வைத்து 98 நாடுகளை வரிசைப்படுத்தியபோது இலங்கைக்குப் பத்தாவது இடம் கிடைத்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் நூறாவது தொற்றாளருக்குப் பிந்திய 36 வாரங்களை எடுத்தார்கள், அதைத் தெளிவாகச் சொல்லியும் இருந்தார்கள். இலங்கைக்கு அந்த 36 வாரம் 2020க்குள்ளேயே முடிந்துவிடும். கணக்குப் போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் "பத்தாவது இடத்தை" மட்டும் கத்தரித்து இன்றைக்கும் முன்னுரையில் ஒட்டுகிறார்களே, அவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த வரிசை வெளிவந்த ஏழே மாதத்தில் ஒரு நாளில் இருநூறுக்கு மேல் இறப்புகளை அறிவித்த நாடு இது. மொத்தக் கணக்கு 16,800ஐயும் தாண்டிவிட்டது.

சரி, நாள் பிடிக்காமல் எப்படி மதிப்பிடுவது? என்னிடம் வருபவர்களை இரண்டு வருடத் தொற்று வரைபடத்தை ஒரு ஏ3 தாளில் அடித்துவரச் சொல்வேன். அதன் வலப்பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கையை மெல்ல நகர்த்தி, ஒவ்வொரு முடிவு வரும் இடத்திலும் நிறுத்த வேண்டும். அன்று காலை அதிகாரிகளுக்கு என்ன தெரியும்? கைக்கு அடியில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியக் கூடாது.

இப்படிப் பார்த்தால் 2020 ஒக்டோபரையும் 2021 ஏப்ரலையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஒக்டோபரில், அமைதியான மாதங்களில் சமூகத்துக்குள் எவ்வளவு தேடிப் பார்த்தீர்கள் என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வி, ஆனால் குற்றச்சாட்டு ஆகாது. ஏப்ரலில் நிலைமை வேறு. பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்ததை எல்லா வீட்டுத் தொலைக்காட்சியும் காட்டியது. அப்படியிருந்தும் சித்திரைப் புத்தாண்டுக்குக் கடைத்தெருக்கள் நிரம்பி வழிய விட்டார்கள். சில வாரங்களில் நாளுக்கு ஈராயிரம் தொற்றாளர்கள். ஓகஸ்டில் இன்னும் மோசம். வைத்தியர் சங்கங்கள் நாட்டை மூடச் சொல்லிக் கேட்டுக் களைத்து, கடைசியில் மல்வத்து, அஸ்கிரிய பௌத்த பீடங்களின் மகாநாயக்கர்களும் கடிதம் எழுதினார்கள். அதன் பிறகே 20ஆம் திகதி இரவு 10 மணிக்கு ஊரடங்கு வந்தது. இங்கே கையை எடுக்காமலே குற்றம் சாட்டலாம்.

முதலாமவருக்கு இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்: "அப்ப சேர், செப்டெம்பருக்குப் பதிலா டிசெம்பர் எண்டு போடட்டா?" நான் தேநீர் குடிக்க எழுந்து போய்விட்டேன்.

தீவு என்பதால் தப்பித்தது

பிரித்தானியாவும் தீவுதான்.

இந்தியா கைவிட்டது, ஆகவே ஊசி இல்லை

பாதி உண்மை. 2021 ஜனவரி 28 அன்று இந்தியா அன்பளிப்பாக அனுப்பிய ஐந்து இலட்சம் கோவிஷீல்ட் ஊசிகள் வந்தன, மறுநாளே போடத் தொடங்கினார்கள். பிறகு இந்தியாவில் தொற்று ஏற, ஏற்றுமதி நின்றது. சுமார் ஆறு இலட்சம் பேர் இரண்டாம் ஊசிக்காக மாதக் கணக்கில் காத்திருந்தார்கள். ஏற்றுமதி நின்றதற்குக் கொழும்பு பொறுப்பில்லை. ஆனால் கையில் இருந்ததை யாருக்குப் போடுவது என்று தீர்மானித்தது கொழும்புதான். மேல் மாகாணத்தில் 60 தாண்டியவர்களுக்கு முன்பாக 30 முதல் 60 வயது வரையானவர்களுக்குப் போட்டார்கள், உழைக்கிறவர்கள்தான் நோயைக் காவுகிறார்கள் என்று. டெல்டா அலையில் இறந்தவர்களில் பெரும்பாலோர் 60 தாண்டியவர்கள். பிறகு சினோபாம் வந்து, செப்டெம்பர் முடிவதற்குள் மக்களில் பாதிப்பேருக்கு இரண்டு ஊசியும் போட்டு முடித்த வேகமும் இதே அரசுடையதுதான். ஒன்றை எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடாதீர்கள்.

"அரசு" என்று ஒற்றைச் சொல்லில் எழுதுவது

கொழும்பில் கொரோனாத் தடுப்புச் செயலணிக்கு இராணுவத் தளபதி தலைமை. ஊரில் வீட்டு வாசலில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டியது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். இந்த இரண்டும் ஒரே அரசு என்று எழுதினால் 2020 ஜூலையை விளக்க முடியாமல் போகும். தமக்குச் சட்ட அதிகாரம் தரும் வர்த்தமானி (அரச அறிவித்தல்) வரவில்லை என்று சொல்லிப் பரிசோதகர்கள் அந்த மாதம் கொரோனா வேலையிலிருந்து ஒதுங்கி நின்றார்கள். கையில் இருந்த தனிமைப்படுத்தல் சட்டமோ 1897ஆம் ஆண்டினது.

ரூ. 5,000 கொடுத்தார்கள்

ஊரடங்கில் வருமானம் இழந்தவர்களுக்கு அரசு கொடுத்த உதவிப்பணம் இது. யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேளுங்கள். கட்டுநாயக்கவில் வாடகை அறையில் முடங்கிக் கிடந்த தொழிலாளியின் பெயர், எங்கோ மொனராகலையில் ஒரு கிராம உத்தியோகத்தரின் பதிவில் இருந்தது.

அட்டவணைக்குள் அடங்காததை விட்டுவிடுவது

இரண்டு வரைவிலும் கட்டாயத் தகனம் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டதற்கு, "அது மனித உரிமை விடயம், சுகாதாரத்துக்குள் வராது" என்றார்கள்.

வரும். உடல்களைப் புதைக்கலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. 2020 ஏப்ரல் 11 வர்த்தமானி எரிக்கத்தான் வேண்டும் என்றது. நிலத்தடி நீர் கெடும் என்று ஒரு காரணம் சொன்னார்கள். பிறந்து இருபது நாளே ஆன முஸ்லிம் குழந்தையின் உடலையும் பெற்றோரின் விருப்பத்துக்கு எதிராக எரித்தார்கள். செத்தால் ஜனாஸாவை, அடக்கம் செய்ய உடலை, தர மாட்டார்கள் என்று தெரிந்த குடும்பம், காய்ச்சல் வந்த வாப்பாவை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகத் தயங்காதா? அந்தத் தயக்கம் எந்த அட்டவணையிலும் ஏறாது. 2021 பெப்ரவரி இறுதியில் தடையை விலக்கினார்கள். மார்ச் 5 முதல் கிழக்கில் ஓட்டமாவடியில் அடக்கம் நடந்தது. கொழும்பில் இறந்தவரையும் அங்கேதான் கொண்டுபோக வேண்டியிருந்தது, பாதி நாள் ஓட்டம். அங்கே புதைக்கப்பட்டவர்களில் முஸ்லிம் அல்லாதோரும் உண்டு. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அரசே தவறு என்று ஒப்புக்கொண்டதை மதிப்பீட்டாளர் விட்டுவிடுகிறார் என்றால் என்ன சொல்ல?

கேகாலைப் பாணி

கொரோனாவுக்கு மருந்தென்று கேகாலையில் ஒருவர் தயாரித்த பாணியை அடிக்குறிப்பில் போடாதீர்கள். சுகாதார அமைச்சரே ஊடகங்கள் முன் குடித்துக் காட்டியது, பின்னர் அவருக்கே தொற்றியது. அதுவும் கொள்கைதான்.

2022 பொருளாதார நெருக்கடியையும் கொரோனாவின் தலையில் கட்டுவது

சுற்றுலா நின்றது, டொலர் வரவில்லை, மருந்து தட்டுப்பாடு வந்தது, எல்லாம் உண்மை. ஆனால் பெரிய வரிக் குறைப்பு 2019 டிசெம்பரில் வந்தது. அங்கொடையில் முதல் நோயாளி படுத்தது அடுத்த மாதக் கடைசியில்.