காமரங்காயை ஜூஸ் அடிக்காதீர்கள்: புதுக் கடைக்காரர்கள் செய்யும் பிழைகள்

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் எங்கே திரும்பினாலும் இப்போது புது ஜூஸ் கடை. பிள்ளைகள் உழைக்கட்டும், சந்தோஷம். ஆனால் தொழிலுக்குப் புதிதாக வருகிற எல்லோரும் காலங்காலமாகச் செய்கிற அதே பிழைகளை இவர்களும் செய்யும்போது பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. கை கழுவுவது, ஈ மொய்க்காமல் மூடி வைப்பது எல்லாம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சொல்வார், அதை விடுங்கள்.

காமரங்காய் ஜூஸைக் கேட்டவருக்கெல்லாம் கொடுப்பது

காமரங்காயை, அதாவது நட்சத்திரப் பழத்தை, விளிம்பில் கறுத்திருப்பதைச் சீவிவிட்டு, குறுக்கே வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு ஒரு துண்டு சாப்பிடுவது வேறு. நாலைந்து காயை அடித்து வடித்து ஒரு கிளாஸ் நிரம்பக் குடிப்பது வேறு. "சீனி குறையும், உடம்பு மெலியும்" என்று வட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, விடிய மெரின் டிரைவில் நடந்துவிட்டு வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு இதைத்தான் ஊற்றிக் கொடுக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதில்தான்.

இந்தக் காயில் ஒக்சலேட் என்ற உப்பு அதிகம், புளிப்பான இனத்தில் இன்னும் அதிகம். அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் பளிங்காகப் படிந்து அடைத்துவிடும். போதாததற்கு மூளையைத் தாக்கும் கரம்பொக்சின் என்ற நஞ்சும் இருக்கிறது. பிரேசில் ஆய்வாளர்கள் 2013 இல் அதைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். நல்ல கிட்னி அதை வெளியேற்றிவிடும். பழுதான கிட்னியால் முடியாது. முதலில் நிற்காத விக்கல், பிறகு வாந்தி, தடுமாற்றம், வலிப்பு, சிலருக்கு மரணமே. அப்படிப்பட்டவர்களுக்கு அரைக் காய்கூட ஆபத்து.

கிட்னி நல்லாக இருந்தாலும் வெறும் வயிற்றில் நிறையக் குடித்தால் தப்ப முடியும் என்றில்லை. 2015 இல் இலங்கை மருத்துவர்கள் எழுதி வெளியிட்ட இரண்டு நோயாளிகளும் சலரோகக்காரர்கள். ஒருவருக்குக் காமரங்காய் எடுத்த கையோடு கிட்னி செயலிழந்தது. மற்றவர் நெடுங்காலம் சாப்பிட்டு வந்தவர், அவருக்கு மெல்ல மெல்லப் பழுதானது.

எங்களிடம் வழக்கமாக வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வேறொரு கடையில் இதைக் குடித்திருக்கிறார். விக்கல் நிற்கவேயில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், சீனி கொடுத்தார்கள், கடைசியில் ஆஸ்பத்திரி. என்னென்ன எடுத்தார் என்று டொக்டர் கேட்டபோது வீட்டார் மாத்திரைகளை எல்லாம் வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள், ஜூஸைச் சொல்லவில்லை. பழத்தை யார் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? மகள் பேச்சோடு பேச்சாக அதைச் சொன்ன பிறகுதான் டயலிசிஸ் செய்தார்கள். அவருக்குக் கிட்னி ஏற்கெனவே பழுது என்பதும் அன்றைக்குத்தான் வீட்டுக்குத் தெரிந்தது.

அதனால் "ஐயா, கிட்னிப் பிரச்சினை ஏதும் இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சலரோகமும் பிரஷரும் உள்ள எத்தனையோ பேருக்குத் தங்கள் கிட்னியின் நிலை தெரியாது. கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியற்றினின் இரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்தால்தான் தெரியும். எங்கள் கடையில் காமரங்காய் ஜூஸே கிடையாது. யாராவது குடித்துவிட்டு விக்கலோடு நின்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், என்ன குடித்தார் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பிலிம்பிக்காயும் இதே குடும்பம்தான். கொழுப்புக் குறையுமென்று அதன் சாற்றைக் குடித்துக் கேரளத்தில் பலருக்குக் கிட்னி பழுதாகியிருக்கிறது. கிட்னி நல்லாக உள்ளவருக்கு மீன் கறியில் நாலு துண்டு பரவாயில்லை, கிளாஸில் வேண்டாம்.

அன்னமுன்னாவை விதையோடு அடிப்பது

விதை நஞ்சு. பேன் கொல்ல அரைத்துப் பூசுவார்கள், கண்ணில் பட்டால் கண் புண்ணாகிவிடும். அரைபட்ட பிறகு எந்த வடியாலும் பிரிக்க முடியாது, ஆகவே சதையைக் கையால் பிசைந்து ஒவ்வொரு விதையாகப் பிதுக்கி எடுங்கள். நேரம் எடுக்கும், அப்புறம் அதற்கேற்ற விலை போடுங்கள்.

காபைட் மாம்பழம்

காபைட் கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழம்: தோல் முழுக்க ஒரே மஞ்சள், காம்படியில் வாசமில்லை, வெட்டினால் புளிப்பு. வாங்காதீர்கள்.

குழந்தைக்கு முழு ரம்புட்டான்

தொண்டையில் சிக்கும். விதையை எடுத்து, சதையைக் கீறிக் கொடுங்கள்.

ஜம்போலாவும் கொழுப்பு மாத்திரையும்

கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவருக்கு ஜம்போலா (பம்பளிமாஸ்) ஜூஸ் டொக்டரிடம் கேட்ட பிறகுதான்.