கிளிக்குஞ்சு திடீர்னு கடிக்குதா? நாம பண்ற தப்புகளை முதல்ல பாப்போம்

நேத்து வரைக்கும் உள்ளங்கையில படுத்து தூங்கின குஞ்சு, இன்னிக்கு காலையில கூண்டைத் திறந்து கையை நீட்டினதும் வெடுக்குனு விரலைக் கவ்வி ரத்தம் வர வெச்சிடும். வலியை விட மனசுதான் ரொம்ப நொந்து போகும், ஊட்டி வளர்த்த நம்மளையே கடிக்குதேன்னு. என் கோன்யூர் (ஒரு சின்ன ஜாதிக் கிளி) அஞ்சாவது மாசத்துல இப்படி ஆரம்பிச்சப்போ ரெண்டு நாள் நான் அதுகிட்ட பேசவே இல்ல, அதுக்கு அது தெரிஞ்சிருக்குமான்னு கேட்டா அது வேற கதை.

முதல்ல ஒரு விஷயம், கிளிக்கு அலகு வெறும் வாய் இல்ல, அதுதான் கை. ஏறுறதுக்கு, பிடிமானத்துக்கு, ஒரு பொருள் கெட்டியா மெத்துனு இருக்கான்னு பாக்குறதுக்கு எல்லாத்துக்கும் அலகும் நாக்கும்தான். குஞ்சா இருக்கும்போது எல்லாத்தையும் மென்னு பாக்கும், எவ்ளோ அழுத்தினா நமக்கு வலிக்கும்னு அதுக்குத் தெரியாது. அப்புறம் தானா சாப்பிட ஆரம்பிச்சு சில வாரமோ சில மாசமோ கழிச்சு ஒரு கட்டம் வரும், கையைப் பாத்தாலே வாயைத் திறந்துட்டு பாயும், ஆனா பாதி நேரம் சும்மா மிரட்டல்தான், வளர்க்கிறவங்க இதை பிளஃபிங்னு சொல்லுவாங்க. அது அடங்குச்சுன்னு நாம மூச்சு விடுறதுக்குள்ள ஜோடி சேர்ற வயசுக்கான ஹார்மோன் வரும். காக்கடீலுக்கு (கொண்டை வெச்ச சின்னக் கிளி) ஒரு வயசுக்குள்ளேயே, கோன்யூருக்கு ஒண்ணு ரெண்டு வயசு வாக்குல, ஆப்பிரிக்கன் கிரே மாதிரி பெருசுன்னா மூணுல இருந்து அஞ்சு வயசு கூட ஆகும். இந்த மூணையும் ஒண்ணாப் போட்டு "என் கிளி கெட்டுப் போச்சு"ன்னு முடிவு பண்றதுதான் முதல் தப்பு.

அடுத்தது எல்லாரும் பண்றது, நானும் பண்ணேன். கைக்கு வர்றதுக்கு முன்னாடி கிளி அலகை நீட்டி விரலைத் தொட்டுப் பாக்கும் பாருங்க, அது கடி இல்ல, இந்தக் கிளை நம்ம கனத்தைத் தாங்குமான்னு பாக்குது, அவ்ளோதான். நாம என்ன பண்றோம், ஏற்கனவே ஒரு தடவை கடி வாங்கின பயத்துல அலகு பக்கத்துல வந்ததுமே கையை இழுத்துக்கிறோம். அது ஒரு காலை வெச்சிட்டு தடுமாறி விழப் பாக்கும். அடுத்த தடவை அதே விரல் வரும்போது, ஆடுற கிளைன்னு அதுக்கு இப்போ தெரியும், அதனால இறுக்கிப் பிடிக்கும். நமக்கு அது கடி. நாம இன்னும் பயந்து இன்னும் வேகமா இழுப்போம். இப்படி ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஒருத்தரை ஒருத்தர் பயமுறுத்திக் கத்துக் கொடுத்துக்கிறோம். கையை ஆடாம கிளியோட நெஞ்சுக்கு நேரா, வயித்துக்கு கொஞ்சம் மேல மெதுவா கொண்டு போய் நிறுத்தி அதுவா ஏறட்டும்னு நின்னாலே இதுல பாதி குறையும். கைக்கு தைரியம் வரலைன்னா ஒரு குச்சியில ஏத்துங்க, அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல. தடிமனான கிளவுஸ் மட்டும் வேணாம்னு சொல்லுவேன், நிறைய கிளிக்கு அதைப் பாத்தாலே பயம், அதோட கிளவுஸ் போட்டதும் நாம அது சொல்ற எதையும் கவனிக்கிறதில்ல.

கடிச்சதும் கத்துறது. வலிக்குது, கத்தத்தான் செய்வோம், ஆனா சத்தம் போடுறதே பொழப்பா இருக்கிற பிறவிக்கு நம்ம "ஆஆ" ஒரு கச்சேரி. மூக்குல சுண்டுறது, மூஞ்சியில ஊதுறது, கையை ஆட்டி நிலைகுலைய வைக்கிறது, அலகைப் பிடிச்சு ஆட்டுறது, இதெல்லாம் வேலைக்கே ஆகாது, இந்தக் கை நம்மளை நோகடிக்கும்னுதான் அது புரிஞ்சுக்கும். கடிச்சதும் கூண்டுல தள்ளி அரை நாள் துணி போட்டு மூடுறதும் அப்படித்தான், ஒரு நிமிஷம் கழிச்சு எதுக்கு மூடினாங்கன்னே அதுக்கு தெரியாது. சத்தம் இல்லாம மெதுவா ஸ்டேண்டுலயோ நாற்காலி முதுகுலயோ இறக்கி விட்டுட்டு கொஞ்ச நேரம் வேற பக்கம் பாத்தா போதும். அதே சமயம் "கடிச்சாலும் கையை எடுக்காம தாங்கிட்டு நில்லு"ன்னு சொல்றவங்க பேச்சையும் நான் ஒத்துக்க மாட்டேன், கடி விழற இடம் வரைக்கும் போனதே நம்ம தப்புதான்.

ஏன்னா கிளி கடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிட்டுதான் கடிக்கும். உடம்பு இறகெல்லாம் ஒட்டிப்போய் ஒல்லியாகி அசையாம கையையே பாக்கும். கண்ணுல கருமணி சுருங்கி விரியும், வால் விசிறி மாதிரி விரியும், பிடரி இறகு சிலிர்க்கும். காக்கடீல்னா கொண்டையை தலையோட ஒட்ட வெச்சு சீறும். சில கிளி ஒண்ணுமே பண்ணாது, லேசா உடம்பை அந்தப் பக்கம் சாய்ச்சுக்கும், "இப்போ வேணாம்"னு அர்த்தம். ஆனா ஒரே அடையாளத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க, கருமணி ஆட்டம் குஷியில பேசும்போதும் வரும். அலெக்ஸ்னு ஒரு ஆப்பிரிக்கன் கிரே இருந்துச்சு, ஐரீன் பெப்பர்பெர்க்னு ஒரு விஞ்ஞானி 1977ல இருந்து 2007 வரைக்கும் வெச்சு ஆராய்ச்சி பண்ணது, அது போதும்னு ஆனா "திரும்பிப் போகணும்"னு இங்கிலீஷ்ல வாய்விட்டே சொல்லிடும். நம்ம வீட்டு குஞ்சுக்கு அந்த வார்த்தை இல்ல, சாயறதுதான் வார்த்தை. அதை நாம பத்து தடவை கண்டுக்காம தாண்டிப் போனா, சாஞ்சு காட்டுறதால பிரயோஜனம் இல்லைன்னு அதை விட்டுடும், அப்புறம் நேரா கடிதான். அதுக்கு அப்புறம்தான் நாம "சொல்லாம கொள்ளாம கடிக்குது"ன்னு புலம்புறோம்.

ஒரு நாள் என்னோடது தலையை குனிஞ்சு சொறிய கேட்டுச்சு. கழுத்துல முள்ளு முள்ளா புது இறகு, வெள்ளை உறைக்குள்ள. நானும் உரிச்சு விடுறேன்னு ஒண்ணை உருட்டினேன், அடியில கருநீலமா ரத்தம் ஓடிட்டிருந்த இறகு அது, நான் கவனிக்கல. கத்திட்டு பொட்டுனு ஒரு கடி. நியாயமான கடி. இறகு உதிர்ற நேரத்துல முழுசா காஞ்சு உறை தானா உதிர்ற மாதிரி இருக்கிறதை மட்டும் லேசா தொடணும், மத்ததை விட்டுடணும்.

தடவுறதுலயும் ஒரு தப்பு இருக்கு. முதுகு, இறக்கைக்கு அடியில, வாலுக்குக் கீழ எல்லாம் பூனையைத் தடவுற மாதிரி தடவுவோம், அது கிளிக்கு ஜோடி சேர்ற சிக்னல். தலையும் கழுத்தும் மட்டும் போதும். கூண்டுக்குள்ள டென்ட், டப்பா, இருட்டு மூலை எல்லாம் கூடு கட்டுற நெனப்பைக் கிளப்பும், அப்புறம் அந்த இடத்தைக் காவல் காத்து கடிக்கும். இந்த மூடுல இருக்கும்போது தோள்ல ஏத்தாதீங்க, கண்ணும் காதும் பக்கத்துல இருக்கு.

இறக்கையில இருக்கிற இறகை வெட்டினா சாதுவாகும்னு சொல்லுவாங்க. பிடிக்கலைன்னா பறந்து போற வழியை நாமளே அடைச்சிட்டா அதுக்கு மிச்சம் இருக்கிறது அலகு மட்டும்தான்.

தூக்கம் பத்தி யாரும் யோசிக்கிறதே இல்ல. கிளிக்கு ராத்திரி பத்துல இருந்து பன்னெண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேணும். நான் ஒரு ரெண்டு வாரம் ஒவ்வொரு கடியையும் நோட்டுல எழுதினேன், நேரம், எங்க உக்காந்திருந்துச்சு, அதுக்கு முன்னாடி நான் என்ன பண்ணேன்னு. பாதிக்கு மேல ராத்திரி எட்டு மணிக்கு அப்புறம், டிவி ஓடிட்டு லைட் எரிஞ்சிட்டு இருக்கும்போது. தூங்குற கூண்டை உள் ரூமுக்கு மாத்தி ஏழரைக்கே லைட்டை அணைச்சதும் அந்த வாரத்துலயே நல்லா குறைஞ்சிடுச்சு.

கடிக்குதுன்னு தொடுறதையே நிறுத்திட்டு மாசக்கணக்கா கூண்டுல விட்டுடறதும் தப்புதான். கூண்டுக்கு வெளியில இருந்தே ஒரு குச்சி நுனியை காட்டுங்க, அலகால தொட்டா ஒரு சூரியகாந்தி விதை. அஞ்சு நிமிஷம், அதுக்கு மேல வேணாம், அது இன்னும் ஆசையா இருக்கும்போதே முடிச்சிடணும். அந்த விதையை மத்த நேரத்துல தட்டுல போட்டு வெச்சீங்கன்னா அதுக்கு மதிப்பே இருக்காது.

அப்புறம் ஒண்ணு, எல்லா கடியையும் "வயசு"ன்னு தள்ளிடாதீங்க. கிளி நோயை மறைக்கிற பிறவி. கடியோட சேர்ந்து பகல்ல உப்பிப்போய் உக்காந்திருக்கு, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுது, எச்சம் மாறியிருக்கு, எடை குறையுதுன்னா அன்னிக்கே பறவை பாக்குற டாக்டர்கிட்ட போங்க. சமையல் தராசு மாதிரி கிராம் காட்டுற தராசு ஒண்ணு வாங்கி வாரத்துக்கு ஒரு தடவை காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி எடை போட்டு எழுதி வைங்க, என்னோடது இப்போ ட்ரீட்டுக்காக அதுவே போய் தராசு மேல நிக்குது.